மீனின் சினையும் கடலின் கணக்கும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலில் எவ்வளவு மீன் இருக்கிறது, அதில் எவ்வளவு பிடிக்கலாம் என்று கணக்குப் போடுவதை மீன் இருப்பு மதிப்பீடு என்கிறோம். அந்தக் கணக்கில் மீனின் வயிற்றில் இருக்கும் சினைக்கு என்ன வேலை? மீன்வளம் படிப்பவர்கள், மீனை அளந்து குறிப்பெடுப்பவர்கள், "இந்த மாசம் மட்டும் ஏன் பிடிக்கக் கூடாது?" என்று கேட்பவர்கள் என்று பலரும் என்னிடம் கேட்டவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன்.

மீனை எண்ணினால் போதாதா? சினையை எதற்குப் பார்க்க வேண்டும்?

எண்ணினால் இன்றைக்கு எவ்வளவு இருக்கிறது என்று தெரியும். அடுத்த சில வருடங்களில் எவ்வளவு வரும் என்று தெரியாது. இரண்டு கடல் பகுதிகளில் ஒரே இனத்து மீன் தலா ஆயிரம் டன் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒன்றில் எல்லாமே இன்னும் பருவமடையாத இளமீன்கள். இன்னொன்றில் பாதிக்குமேல் பல வருடம் முட்டையிட்டுப் பழகிய தாய்மீன்கள். தராசில் இரண்டும் சமம். இந்த வருடம் கடலில் விழும் முட்டையைப் பார்த்தால் முதல் பகுதியில் ஒன்றுமே இல்லை. எவ்வளவு பிடிக்கலாம் என்ற முடிவை இரண்டுக்கும் ஒரே மாதிரி எடுத்தால் முதல் பகுதி தாங்காது.

"தாய்மீன் இருப்பு" என்கிறார்களே, அது என்ன?

முட்டையிடும் பருவத்துக்கு வந்துவிட்ட மீன்களின் மொத்த எடை. பெரும்பாலான மதிப்பீடுகளில் மீன்வளத்தின் ஆரோக்கியத்தை இந்த ஒற்றை எண்ணை வைத்துத்தான் சொல்வார்கள். அது ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனால் பிடிப்பைக் குறை, மேலே இருந்தால் தொடரலாம் என்று விதிகளும் அதைச் சுற்றியே எழுதப்படும்.

ஒன்றைக் கவனியுங்கள். நமக்கு உண்மையில் தெரிய வேண்டியது எவ்வளவு முட்டை வருகிறது என்பது. அதை நேரடியாக அளப்பது கஷ்டம். அதனால் எடையை அதற்குப் பதிலாக வைத்துக்கொள்கிறோம். ஒரு டன் தாய்மீன் எப்போதும் ஒரே அளவு முட்டைதான் தரும் என்று நம்பினால்தான் இது சரிவரும். அது எங்கெல்லாம் சரிவராது என்று காட்டுவதுதான் இனப்பெருக்க உயிரியலின் வேலை. கீழே வரும் பதில்களில் பாதி அதைப் பற்றித்தான்.

ஒரு மீன் பருவமடைந்துவிட்டதா என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

வயிற்றைக் கிழித்துப் பார்த்துத்தான். வால்பக்கத் துளையிலிருந்து தலைப்பக்கமாகக் கத்தரியால் வெட்டிக் குடலை ஒதுக்கினால், முதுகெலும்புக்குக் கீழே இரண்டு பக்கமும் சினைப்பையோ விந்துப்பையோ தெரியும். பருவமடையாத பெண் மீனில் அது மெல்லிய நூல் மாதிரி, கிட்டத்தட்டக் கண்ணாடி நிறத்தில் இருக்கும். சினை பிடிக்க ஆரம்பித்ததும் பை பருத்து, மஞ்சளாகவோ ஆரஞ்சாகவோ மாறி, உள்ளே மணிமணியாக முட்டைகள் தெரியும். முட்டையிடப்போகும் நேரத்தில் அவற்றில் சில நீரை உறிஞ்சி வெந்த ஜவ்வரிசி போலத் தெளிந்துவிடும். இட்டு முடித்த பிறகு பை தொளதொளவென்று, ரத்தம் கட்டியது போலச் சிவந்து கிடக்கும்.

இதுவரை எளிது. சிக்கல் அதற்குப் பிறகு வருகிறது. முட்டையிட்டு முடித்து இரண்டு மூன்று மாதம் ஓய்வில் இருக்கும் மீனின் சினைப்பை மறுபடி சுருங்கிவிடும். அதையும் பருவமடையாத மீனின் பையையும் வெறும் கண்ணால் பிரித்துப் பார்ப்பது அனுபவசாலிகளுக்கும் சிரமம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு கூடை மீனை ஒரு காலை முழுக்க அறுத்து, முக்கால்வாசியைப் "பருவமடையாதவை" என்று எழுதிவைத்தேன். பிறகு அதே சினைப்பைகளைச் சீவி நுண்ணோக்கியில் வைத்தபோது பலவற்றில் தடித்த சுவரும், உடலே திரும்ப உறிஞ்சிக்கொண்டிருந்த பழைய முட்டைகளின் மிச்சமும் இருந்தன. எல்லாம் ஏற்கனவே முட்டையிட்ட மீன்கள். நான் எழுதியது அப்படியே கணக்கில் ஏறியிருந்தால், தாய்மீன்கள் ஒரு கூட்டமாகக் காணாமல் போயிருக்கும்.

அந்த நுண்ணோக்கி வேலை எப்படி நடக்கிறது? எல்லா மீனுக்கும் அது தேவையா?

சினைப்பையிலிருந்து ஒரு சிறு துண்டை ஃபார்மலினில் போட்டுக் கெட்டிப்படுத்தி, மெழுகில் பதித்து, சில மைக்ரான் தடிமனுக்குச் சீவிச் சாயமேற்றுவார்கள். முட்டைக் கருவின் ஊட்டப்பொருள் இளஞ்சிவப்பாகவும் உட்கரு ஊதாவாகவும் தெரியும். முட்டை எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதில் அப்புறம் வாதத்துக்கே இடமிருக்காது.

செலவும் நேரமும் பிடிக்கும் என்பதால் எல்லா மீனுக்கும் செய்ய முடியாது. கண்ணால் பார்த்ததை எவ்வளவு நம்பலாம் என்று சோதிக்க ஒரு பகுதிக்காவது செய்தே ஆக வேண்டும் என்பது என் கருத்து. ஒவ்வொரு ஆய்வகமும் கட்டங்களுக்கு வெவ்வேறு பெயர் வைத்துக்கொண்டு, ஐந்து என்றும் ஏழு என்றும் ஒன்பது என்றும் பிரித்துவந்த குழப்பம் நெடுநாள் இருந்தது. எல்லா மீன் இனங்களுக்கும் பொருந்தும்படி பொதுச் சொற்களை முன்வைத்த ஒரு கட்டுரை 2011-ல் வெளிவந்த பிறகு அது ஓரளவு குறைந்திருக்கிறது.

எல்-50 என்றால் என்ன?

பாதி மீன்கள் பருவமடைந்திருக்கும் நீளம். நீளவாரியாக மீன்களைப் பிரித்து, ஒவ்வொரு பிரிவிலும் நூற்றுக்கு எத்தனை பருவமடைந்தவை என்று வரைந்தால், கிடந்த எஸ் எழுத்துப் போல ஒரு வளைகோடு வரும். அது 50 சதவீதத்தைத் தொடும் இடம்தான் எல்-50. வயதைக் கொண்டும் இதே கணக்கைப் போடலாம். மீனின் காதுக்குள் இருக்கும் செவிக்கல்லில் மரத்தின் வளையங்கள் போல விழும் கோடுகளை எண்ணித்தான் வயதைச் சொல்வது.

மீன்களை எந்த மாதத்தில் எடுத்தீர்கள் என்பதைப் பொறுத்து இந்த எண் நகரும். முட்டையிடும் காலத்துக்குச் சற்று முன்போ, அது தொடங்கும்போதோ எடுத்தால் பருவமடைந்த மீன்கள் சினையோடு தெளிவாகத் தெரியும். ஓய்வு மாதங்களில் எடுத்தால் மேலே சொன்ன குழப்பம்தான். இன்னொரு பொறி: கரையோரத்தில் மட்டும் மாதிரி எடுத்தால், சினை பிடித்ததும் ஆழத்துக்குப் போய்விடும் இனங்களில் இளமீன்கள் மட்டுமே மாட்டும். வளைகோடு அழகாகவே வரும். ஆனால் தப்பாக வரும்.

ஜிஎஸ்ஐ பற்றி?

சினைப்பையின் எடை, மீனின் எடையில் எத்தனை சதவீதம் என்பது. மாதாமாதம் சராசரி எடுத்து வரைந்தால் எந்த மாதங்களில் முட்டையிடுகின்றன என்று தெரியும். மலிவு, எளிது. ஆனால் ஒரு தனி மீன் பருவமடைந்ததா இல்லையா என்று தீர்மானிக்க இதைப் பயன்படுத்தாதீர்கள். குடலில் இரை நிறைந்திருந்தால் மொத்த எடை ஏமாற்றும், அதனால் குடல் நீக்கிய எடையை வைத்துக்கொள்வது நல்லது.

ஒரு மீன் எத்தனை முட்டை இடும்? அதை எப்படி எண்ணுகிறீர்கள்?

இனத்துக்கு இனம் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். சில சுறாக்கள் ஒரு தடவைக்கு இரண்டே குட்டி போடும். பெரிய காட் மீன் ஒரு பருவத்தில் பல லட்சங்களைத் தாண்டிக் கோடிக் கணக்குக்குப் பக்கத்தில் போய்விடும்.

எண்ணுவதில் மாயம் ஒன்றும் இல்லை. சினைப்பை 40 கிராம். அதிலிருந்து 0.1 கிராம் துண்டை வெட்டி எண்ணினால் தெளிந்த முட்டைகள் 60. அப்படியானால் பை முழுக்க 24,000.

இந்த 24,000 எதைக் குறிக்கிறது என்பதுதான் கேள்வி. காட் போன்ற குளிர்கடல் மீன்கள் சிலவற்றில், பருவம் தொடங்கும்போதே அந்த வருடத்துக்கான முட்டைகள் எல்லாம் தனியாகப் பிரிந்து வளரத் தொடங்கிவிடும். அவற்றை ஒரு தடவை எண்ணினால் வருடக் கணக்கு கிடைத்துவிடும், நடுவில் உடல் திரும்ப உறிஞ்சிக்கொள்பவற்றை மட்டும் கழிக்க வேண்டும். நெத்திலி, மத்தி போன்றவை அப்படி இல்லை. பருவம் முழுக்கப் புதிதாக முட்டைகளை உருவாக்கிக்கொண்டே, சில நாட்களுக்கு ஒரு முறை ஒரு தவணையை விடும். அவற்றில் 24,000 என்பது ஒரே ஒரு தவணை. வருடத்துக்கு எத்தனை தவணை என்று தெரியாமல் அந்த எண்ணை வருடக் கணக்கில் போட்டால் தலைகீழாகிவிடும். பழைய அறிக்கைகளில் இந்தத் தவறு அடிக்கடி கண்ணில் படும்.

தவணைகளை எண்ணவும் வழி இருக்கிறது. முட்டை வெளியேறியதும் அதைச் சுற்றியிருந்த உறை காலியாகச் சினைப்பைக்குள்ளேயே சுருங்கிக் கிடக்கும். நுண்ணோக்கியில் பார்த்தால், கழற்றிப் போட்ட சட்டை மாதிரி மடிப்பு மடிப்பாக இருக்கும். நெத்திலியில் அது இரண்டு நாளைக்குள் அடையாளம் தெரியாமல் போய்விடும். அந்த உறை இருக்கிறது என்றால் நேற்றோ முந்தாநாளோ முட்டையிட்டிருக்கிறது. பத்துப் பெண் மீனில் இரண்டில் நேற்றைய உறை இருந்தால், சராசரியாக ஒரு மீன் ஐந்து நாளுக்கு ஒரு முறை முட்டையிடுகிறது என்று அர்த்தம்.

கடலில் மிதக்கும் முட்டையை எண்ணியே மீன் எவ்வளவு என்று சொல்ல முடியுமாமே?

முடியும். இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த உத்தி இதுதான். கலிபோர்னியாக் கடலின் நெத்திலிக்காக 1980-களில் உருவாக்கியது, இன்று பல கடல்களில் புழங்குகிறது. வடகிழக்கு அட்லாண்டிக்கில் கானாங்கெளுத்தி இனத்துக்கு இதற்கு உறவான, ஒரு பருவம் முழுக்க விழும் முட்டையை மதிப்பிடும் கணக்கெடுப்பு 1977-லிருந்து மூன்று வருடத்துக்கு ஒரு முறை நடந்துவருகிறது.

கணக்கை ஒரு கற்பனை உதாரணத்தில் பார்ப்போம். மெல்லிய வலையை ஆழத்திலிருந்து மேலே இழுத்து, கடலில் ஒரு நாளைக்குப் புதிதாக விழும் முட்டை 500 கோடி என்று மதிப்பிட்டாயிற்று. மீன் ஒன்று சராசரி 20 கிராம், கிலோவுக்கு 50 மீன். பாதி பெண், ஆக 25. நாளொன்றுக்கு ஐந்தில் ஒரு பங்கு பெண் மீன்கள் முட்டையிடுகின்றன, ஆக 5. ஒரு தவணைக்கு 10,000 முட்டை. அப்படியென்றால் ஒரு கிலோ மீன் ஒரு நாளில் 50,000 முட்டை தரும். 500 கோடியை 50,000-ஆல் வகுத்தால் ஒரு லட்சம் கிலோ, அதாவது 100 டன்.

இப்போது ஒரே ஒரு எண்ணை மாற்றுங்கள். நுண்ணோக்கியில் உறையின் வயதைத் தப்பாகப் படித்து, ஐந்தில் ஒன்றுக்குப் பதில் பத்தில் ஒன்று என்று எழுதிவிட்டோம். விடை 200 டன் ஆகிவிடும். கடலில் ஒரு மீன்கூடக் கூடவில்லை. சீவிய கண்ணாடித் தகட்டில் ஒரு தவறு, அவ்வளவுதான். ஆய்வகத்தில் உட்கார்ந்து உறைகளை எண்ணுபவரிடம் கப்பலில் வலை இழுப்பவர்கள் ஏன் பணிவாகப் பேசுகிறார்கள் என்று இதிலிருந்து புரியும்.

பெரிய தாய்மீன் அவ்வளவு உசத்தியா?

ஆமாம், நாம் நெடுநாள் நினைத்திருந்ததைவிட. எடை இரண்டு மடங்கானால் முட்டையும் இரண்டு மடங்காகும் என்றுதான் பல மதிப்பீடுகள் எடுத்துக்கொண்டன. 2018-ல் வெளியான ஓர் ஆய்வு 342 கடல்மீன் இனங்களின் தரவைச் சேர்த்துப் பார்த்து, மிகப் பெரும்பாலானவற்றில் முட்டை அதைவிட வேகமாகக் கூடுகிறது என்று காட்டியது. அதிலுள்ள காட் உதாரணம் பிரபலம்: 30 கிலோ தாய்மீன் ஒன்று இடும் முட்டைக்கு ஈடுகட்ட 2 கிலோ மீன்கள் 28 வேண்டும். எடைக் கணக்குப்படி 15 போதும் என்றுதான் தோன்றும். 28 மீனின் எடை 56 கிலோ.

எண்ணிக்கை மட்டும் இல்லை, தரமும் மாறும். அமெரிக்காவின் மேற்குக் கடலில் வாழும் கருப்பு ராக்ஃபிஷ் என்ற மீனில், வயதான தாயின் குஞ்சுகள் பெரிய எண்ணெய்த் துளியோடு பிறக்கின்றன. இளம் தாயின் குஞ்சுகளைவிட இரண்டு மடங்குக்கும் அதிகமான காலம் பட்டினி தாங்குகின்றன, வேகமாகவும் வளர்கின்றன. பல இனங்களில் பெரிய மீன்கள் பருவத்தில் முன்னதாகவே தொடங்கி, அதிகத் தவணைகளும் விடும்.

ஆனால் இதைக் கேட்டதும் "பெரிய மீனை விட்டுவிட்டால் போதும், மற்றதை அள்ளலாம்" என்று கிளம்புவார்கள் சிலர். சிறியதை எல்லாம் அள்ளிவிட்டால் பெரியது எங்கிருந்து வரும்? எந்தப் பெரிய மீனும் ஒரு காலத்தில் சிறிய மீன்தான்.

தாய்மீன் நிறைய இருந்தால் குஞ்சும் நிறைய வருமா?

வருடத்துக்கு வருடம் பார்த்தால் அப்படி ஒன்றும் நேர் உறவு இல்லை. நார்வே மீன்வள ஆய்வாளரான யோஹான் யோர்ட் 1914-லேயே இதை எழுதிவிட்டார். 1904-ல் பிறந்த ஹெர்ரிங் கூட்டம் ஒன்றே அதற்குப் பிறகு பல வருடம் நார்வே வலைகளை நிரப்பியது. அதே கடலில் மற்ற வருடங்களில் பிறந்தவை சொற்பம். குஞ்சு பொரித்த முதல் வாரங்களில் இரை கிடைத்ததா, நீரோட்டம் எங்கே கொண்டுபோனது என்பதெல்லாம் முட்டை எண்ணிக்கையை அமுக்கிவிடும்.

அதற்காகத் தாய்மீன் எவ்வளவு இருந்தாலும் கவலையில்லை என்று ஆகிவிடாது. முட்டையே இல்லையென்றால் குஞ்சு எங்கிருந்து வரும்? மீன்வள ஆய்வாளர்களான ரிக்கர் 1954-லும், பெவர்ட்டன், ஹோல்ட் இருவரும் 1957-லும் இந்த உறவுக்கு இரண்டு வகை வளைகோடுகளைத் தந்தார்கள். இரண்டிலும் இடது பக்கம், அதாவது தாய்மீன் குறைவாக இருக்கும் பக்கம், கோடு பூஜ்யத்துக்கு இறங்குகிறது. எவ்வளவு செங்குத்தாக இறங்குகிறது என்பதில்தான் மதிப்பீட்டாளர்களின் தூக்கம் போகிறது. பிடிக்கப்படாத நிலையில் இருந்த தாய்மீனில் 20 சதவீதம் மட்டும் மிஞ்சியிருந்தால், பிடிக்கப்படாத நிலையில் வந்த குஞ்சில் எவ்வளவு பங்கு வரும் என்பதே அந்தச் செங்குத்து அளவு. அதைத் தரவிலிருந்து நேரடியாகக் கணிப்பது பெரும்பாலும் முடியாது. அதனால்தான் அடுத்த கேள்விக்கான முறை பிறந்தது.

எஸ்பிஆர் என்கிறார்களே?

ஒரு குஞ்சு தன் வாழ்நாளில் சராசரியாக எவ்வளவு முட்டையிடும் என்று இரண்டு விதமாகக் கணக்கிடுவது. மீன்பிடிப்பே இல்லாவிட்டால் எவ்வளவு, இப்போதைய பிடிப்பில் எவ்வளவு. இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் எஸ்பிஆர்.

எண்களை என் வசதிக்கு வைத்துக்கொள்கிறேன். நூறு குஞ்சுகள். பிடிப்பு இல்லாதபோது மூன்றாம் வயதில் 50, நான்கில் 40, ஐந்தில் 30, ஆறில் 20 உயிரோடு இருக்கின்றன. ஒரு மீன் அந்தந்த வயதில் இடுவது 10, 20, 30, 40 ஆயிரம். மொத்தம் 30 லட்சம் முட்டை. பிடிப்பு இருக்கும்போது உயிரோடு இருப்பவை 40, 15, 4, 2. முட்டை 9 லட்சம். எஸ்பிஆர் 30 சதவீதம்.

தலையை மட்டும் எண்ணியிருந்தால்? 140-க்கு 61, அதாவது 44 சதவீதம். "பாதிக்குப் பக்கத்தில் இருக்கிறதே, பரவாயில்லை" என்று தோன்றியிருக்கும். காணாமல் போனவை எல்லாம் அதிக முட்டையிடும் வயதான மீன்கள் என்பது தலைக் கணக்கில் தெரியாது.

எத்தனை சதவீதம் போதும் என்றால், 30 முதல் 40 வரை பல இடங்களில் இலக்காக வைக்கிறார்கள். மெதுவாக வளர்ந்து பல பத்தாண்டு வாழும் ராக்ஃபிஷ் இனங்களுக்கு அமெரிக்க மேற்குக் கரையில் 50. இந்த முறையின் நல்ல விஷயம், எத்தனை முட்டைக்கு எத்தனை குஞ்சு வரும் என்ற விடைதெரியாக் கேள்வியைச் சுற்றிக்கொண்டு போய்விடுகிறது. பருவமடையும் அளவும் முட்டை எண்ணிக்கையும் தப்பாக இருந்தால் மட்டும் எல்லாம் கோளாறு.

பால் மாறும் மீன்களை எப்படிக் கணக்கில் எடுப்பது?

களவா இனங்கள் பல பெண்ணாகத் தொடங்கிப் பெரிதானதும் ஆணாக மாறும். கொடுவா நேர்மாறு: ஆணாகத் தொடங்கிப் பெண்ணாகும். பெரிய மீனைக் குறிவைத்துப் பிடித்தால் களவாவில் ஆண் தீர்ந்துபோகும், கொடுவாவில் பெண் தீர்ந்துபோகும்.

மெக்சிகோ வளைகுடாவில் காக் என்ற களவா இனத்தில் 1970-களில் ஆண் சுமார் 17 சதவீதம் இருந்தது. 1990-களில் அது 2 சதவீதம் அளவுக்கு விழுந்துவிட்டது. பெண் மீனின் எடையை மட்டும் தாய்மீன் இருப்பாகப் போட்டுக்கொண்டிருந்தால் இது கண்ணில் படவே படாது. பெண் இருக்கிறது, முட்டை இருக்கிறது, கருவாக்க ஆள் இல்லை. அதனால்தான் இப்படிப்பட்ட இனங்களில் ஆண், பெண் இரண்டின் எடையையும் கூட்டிப் பார்க்கச் சொல்கிறார்கள். அது முழுத் தீர்வு இல்லை. ஆனால் ஆணை மறந்துவிடுவதைவிட மேல். கொடுவாவுக்கு ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் நெடுங்காலமாக 58 சென்டிமீட்டருக்குக் கீழேயும் 120-க்கு மேலேயும் பிடிக்கக் கூடாது என்று விதி. அந்த மேல் வரம்பு பெரிய பெண் மீன்களுக்காக.

சுறா, திருக்கை போன்றவை?

இவற்றுக்குக் கணக்கே வேறு. குட்டி சில, பல பத்துகள் இருந்தால் அதிகம். முள் சுறா கிட்டத்தட்ட இரண்டு வருடம் குட்டியைச் சுமக்கும். லட்சக்கணக்கில் முட்டையிடும் மீனில், தாய்மீன் பாதியானாலும் ஒரு நல்ல வருடம் ஈடுகட்டிவிடலாம். சுறாவில் அந்த வாய்ப்பு ரொம்பக் குறைவு. தாய் எவ்வளவோ குட்டியும் அவ்வளவே.

இங்கே ஒரு நுணுக்கம். பருவமடைந்த சுறா எல்லாம் ஒவ்வொரு வருடமும் குட்டி போடுவதில்லை. சில இனங்கள் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை, சில மூன்று. அதனால் "பருவமடைந்ததா?" என்று கேட்பதோடு நிறுத்தாமல் "இந்த வருடம் குட்டி போடுமா?" என்றும் கேட்க வேண்டும். இல்லையென்றால் குட்டிகளை இரண்டு மூன்று மடங்கு அதிகமாக எழுதிவிடுவோம்.

குறைந்த குட்டிக்காரர்கள் எலும்பு மீன்களிலும் உண்டு. கடல் கெளுத்தியில் ஆண் தன் வாயிலேயே முட்டைகளைச் சுமந்து பொரிக்கும், அந்த நாட்களில் இரை எடுக்காது. அப்படி ஓர் ஆணைப் பிடித்தால் ஒரு குடும்பமே போயிற்று.

எலும்பு மீன்கள் வருடம் தவறாமல் முட்டையிடுமா?

இல்லை. இரை போதாமல் உடம்பு மெலிந்த வருடத்தில், காட் உட்படப் பல இனங்களில் பருவமடைந்த மீன்களே முட்டையிடாமல் விட்டுவிடுகின்றன. தராசில் அவையும் தாய்மீன்தான்.

சினைக்காலத்தில் பிடிக்கத் தடை போட்டால் மீன் பெருகுமா?

எதற்காகத் தடை என்பதைப் பொறுத்தது. முதலில் ஒரு பரவலான நம்பிக்கையைத் தீர்த்துவிடுவோம். சினையோடு இருக்கும் மீனைப் பிடிப்பது பாவம், சினை இல்லாதபோது பிடித்தால் பாவமில்லை என்று பலர் நினைக்கிறார்கள். சினைக்கு மூன்று மாதம் முன்னால் பிடித்தாலும் அந்த மீன் அந்த முட்டைகளை இடப்போவதில்லை. முட்டைக் கணக்கில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றே. இரண்டு மாதம் தடை போட்டுவிட்டு, தடை நீங்கிய மறுநாள் எல்லோரும் இரட்டை வேகத்தில் பிடித்தால் லாபம் சொற்பம். மொத்தப் பிடிப்பு குறைந்தால்தான் தடைக்குப் பலன்.

ஆனால் ஒரு வகை மீனுக்குத் தடை உயிர்நாடி. வருடம் முழுக்கச் சிதறி வாழ்ந்துவிட்டு, முட்டையிட மட்டும் ஒரே இடத்தில், ஒரே நிலவுக் கணக்கில் ஆயிரக்கணக்கில் கூடுபவை. கரீபியன் கடலில் லிட்டில் கேமன் தீவின் மேற்கு முனையில், நாசாவ் களவா குளிர்காலப் பௌர்ணமியை ஒட்டிக் கூடும் இடம் ஒன்று 2001-ல் மீனவர்கள் கண்ணில் பட்டது. சுமார் 7,000 மீன்கள். இரண்டே பருவத்தில் சுமார் 4,000 போயின. 2003-ல் அங்கே பிடிப்பதற்குத் தடை வந்தது. முதல் சில வருடம் ஒன்றும் நடக்காதது போலவே இருந்தது. இந்த மீன் பருவமடையவே சில வருடம் ஆகும் என்பதால் அது எதிர்பார்த்ததுதான். பிறகு ஒரு பெரிய குஞ்சுத் தலைமுறை வந்து சேர, பதினைந்து வருடத்துக்குள் எண்ணிக்கை பழைய அளவை எட்டியது.

இப்படிக் கூடும் மீன்களில் இன்னொரு ஆபத்து உண்டு. கூட்டம் பாதியானாலும், மிஞ்சியவை அதே இடத்தில் நெருக்கமாகவே நிற்கும். படகு ஒன்றுக்குக் கிடைக்கும் மீன் குறையவே குறையாது. பிடிப்பு விகிதத்தைப் பார்த்து மதிப்பிடுபவர் "எல்லாம் நன்றாக இருக்கிறது" என்று எழுதிக்கொண்டிருப்பார், கடைசிக் கூட்டம் வரை. கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக் காட் மீன்பிடிப்பு ஜூலை 1992-ல் மூடப்படுவதற்கு முன்பும் படகுகளின் பிடிப்பு விகிதம் இப்படித்தான் ஏமாற்றியது.

குறைந்தபட்ச நீளம் வைத்தால் போதாதா?

ஒரு முறையாவது முட்டையிட விடு என்பது அதன் கருத்து. எல்-50-ஐ அப்படியே குறைந்தபட்ச நீளமாக வைப்பது வழக்கம், ஆனால் அந்த நீளத்தில் பாதி மீன்கள் இன்னும் பருவமடையாதவை என்பதை மறக்கக் கூடாது. முதல் தடவை முட்டையிடும் மீனின் பங்களிப்பும் சிறியது. கொஞ்சம் தள்ளி வைப்பதே நல்லது. ஆழத்திலிருந்து இழுத்த மீனின் காற்றுப்பை உப்பி வயிறு வாய்வழியே வந்துவிடும். அதை "சிறியது" என்று திரும்பக் கடலில் போட்டாலும் பெரும்பாலும் பிழைக்காது. அங்கே அடிக்குச்சியால் அளப்பதைவிட வலைக்கண்ணைப் பெரிதாக்குவது உருப்படியான வேலை.

மேல் வரம்புக்கு எனக்குப் பிடித்த உதாரணம் மீன் இல்லை, லாப்ஸ்டர். அமெரிக்காவின் மெயின் மாநிலத்தில் ஓட்டின் நீளம் 83 மில்லிமீட்டருக்குக் குறைந்தாலும் 127-ஐத் தாண்டினாலும் விட்டுவிட வேண்டும் என்பது பல பத்தாண்டு வழக்கம். முட்டையோடு பிடிபட்ட பெண்ணின் வால் துடுப்பில் ஆங்கில வி வடிவில் சின்ன வெட்டு ஒன்று போட்டு விடுவார்கள். அடுத்த தடவை முட்டை இல்லாமல் மாட்டினாலும், அந்த வெட்டைப் பார்த்ததும் திரும்பக் கடலில் விட வேண்டும்.

மீன்பிடிப்பே மீனின் பருவத்தை மாற்றிவிடுமா?

மாற்றும். பெரிதாகும்வரை காத்திருக்கும் மீன் பிடிபட்டுச் சாகிறது, சீக்கிரம் பருவமடையும் மீன் ஒரு தடவையாவது முட்டையிட்டுவிடுகிறது. பல தலைமுறைக்குப் பிறகு சீக்கிரம் பருவமடைபவையே மிஞ்சும். நியூஃபவுண்ட்லாந்துக் காட் வீழ்வதற்கு முன்பே அதன் பருவமடையும் அளவும் வயதும் இறங்கிக்கொண்டிருந்தன என்று 2004-ல் வெளியான ஆய்வு காட்டியது. இரையும் வெப்பநிலையும் மாறினாலும் இதே விளைவு வரலாம் என்பதால் எவ்வளவு மரபு, எவ்வளவு சூழல் என்று இன்றும் வாதம் நடக்கிறது.

மதிப்பீட்டுக்கு இதிலிருந்து வரும் நடைமுறைச் சங்கதி ஒன்றுதான். இருபது வருடம் முன்னால் அளந்த எல்-50-ஐ இன்றைக்கும் கணக்கில் போட்டுக்கொண்டிருக்காதீர்கள்.

ஆய்வகம் இல்லை, பணம் இல்லை. மேசை, கத்தி, அளவுகோல் மட்டும் இருக்கிறது. எதைக் குறித்துவைப்பது?

தேதி, பிடித்த இடம், ஆழம், வலைக்கண் அளவு. மீனின் நீளம், குடல் நீக்கிய எடை, ஆணா பெண்ணா, சினைப்பையின் எடையும் நிறமும். "பருவமடையாதது" என்றோ "ஓய்வில்" என்றோ தீர்மானிக்க முடியவில்லையா, தீர்மானிக்க முடியவில்லை என்றே எழுதுங்கள். ஊகித்து எழுதிய நூறு மீனைவிட அப்படி எழுதிய ஐம்பது எனக்குப் பிரயோஜனம். ஒரு மாதமும் விடாமல் பன்னிரண்டு மாதமும் எடுங்கள், சிறிய மீன்களும் பெரிய மீன்களும் கலந்திருக்கட்டும். சந்தேகமான சினைப்பைகளிலிருந்து ஒரு துண்டை மட்டும் ஃபார்மலின் புட்டியில் போட்டு, மீனின் எண்ணைப் பென்சிலால் எழுதிய சீட்டைப் புட்டிக்கு உள்ளேயே போட்டுவிடுங்கள். வெளியே ஒட்டிய சீட்டு ஈரத்தில் உதிர்ந்துவிடும், பேனா மை கரைந்துவிடும்.